குடிகளின் வக்கீல்

திருவிடைமருதூரைச் சுற்றிக் காவிரியின் இரு கரைகளிலும் உள்ள கிராமங்களில், வழிப்போக்கருக்கு அன்னமிடுவதற்கென்றும், பாடசாலைப் பிள்ளைகளின் போஷணைக்கென்றும், சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதற்கென்றும், கோயிலில் உச்சிக்காலக் கட்டளை முட்டின்றி நடப்பதற்கென்றும் நன்செய் நிலத்தை எழுதி வைத்துவிட்டுப் போன புண்ணியவான்களின் தர்மம் ஒன்றேனும் இல்லாத ஊரைக் காண்பது அரிது. எழுதி வைத்தவர் காலமாகிவிட்டார்; அன்னம் பெற வேண்டிய வழிப்போக்கனோ ஊரும் பேரும் இல்லாதவன்; நிலம் மாத்திரம், இருபது மா கொண்ட வேலிக் கணக்கில், யாரோ ஒருவருடைய பராமரிப்பில் இருந்து வருகிறது. அந்த ஒருவர் நெஞ்சில் ஈரம் உள்ளவராக இருக்கும் வரையில் இலை விழுகிறது. அவருக்குப் பின் வந்தவர் களத்து நெல்லை நேரே தம் வீட்டுப் பத்தாயத்துக்குக் கொண்டுபோய்விட்டு, சத்திரத்து ஓட்டைக்கூட மாற்றாமல் விட்டுவிட்டால், அவரைக் கையைப் பிடித்துக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? பசித்து வந்த வழிப்போக்கன் நியாயஸ்தலத்தின் படி ஏறுவானா? ஊரார் ஏறினால், ‘உனக்கு இதில் என்ன சொந்த நஷ்டம்?’ என்று எதிர்வாதி கேட்கமாட்டாரா?

இந்தக் கேள்விக்கு 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டம் தன்னுடைய 92-வது பிரிவில் ஒரு விடை வைத்திருக்கிறது. அதற்கு முந்திய சட்டத்திலும், 539-வது பிரிவாக, அதே விடை இருந்தது. பொதுத் தர்மம் ஒன்றில் நம்பிக்கைத் துரோகம் நடந்தால், மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல் தாமே வழக்குத் தொடுக்கலாம். அல்லது அந்தத் தர்மத்தில் அக்கறை கொண்ட இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற்றுத் தொடுக்கலாம் என்று 1976-ஆம் வருஷத்துத் திருத்தம் வரையில் இருந்தது. சென்னையிலிருந்து வெகு தூரத்தில் உள்ள ஜில்லாக்களின் ஜனங்கள் இதற்காக ரெயில் ஏற வேண்டியதில்லை என்று, சர்க்காரின் முன் அனுமதியோடு கலெக்டரே அந்தச் சம்மதத்தைக் கொடுக்கலாம் என 93-வது பிரிவு வகை செய்தது. ஆகவே, அந்த நாட்களில் கிராமத்தில் இரண்டு குடியானவர்கள் தர்மசாசனத்தின் நகலை ரிஜிஸ்தர் ஆபீஸில் எடுத்து, அடங்கல் கணக்கைப் பார்த்து, எந்தச் சர்வே நம்பர் யார் கையில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, மனு எழுதித் தஞ்சாவூர்க் கச்சேரியில் கொடுப்பார்கள். மனு தாசில்தாரிடம் விசாரணைக்கு வரும்; கர்ணம் வந்து கணக்குச் சொல்வார்; தர்மகர்த்தா வந்து தம் பக்கத்துச் சமாதானம் சொல்வார்; மாதங்கள் சென்று சம்மதம் கிடைத்தால் வழக்குப் பதிவாகும். அவ்விதம் பதிவான வழக்கின் முடிவில் தர்மகர்த்தாவை நீக்கவும், கணக்குக் கேட்கவும், வருங்காலத்துக்கு ஒரு ‘ஸ்கீம்’ வகுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இந்தப் பிரதேசத்தில் ‘ஸ்கீம் கேஸ்’ என்று சொன்னால் வக்கீல் குமாஸ்தா முதல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் வரையில் அறியாதார் இல்லை.

ஒரு தர்ம விவகாரத்தில் வேறு எந்த உத்தியோகஸ்தரையும் விட்டுவிட்டு அட்வகேட் ஜெனரலை ஏன் நிறுத்தினார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அரசனே தகப்பன் என்பது இங்கிலாந்தின் பழைய கொள்கை. குழந்தைகள், சித்தம் கலங்கியவர்கள், இன்னார் என்று சொல்ல முடியாத ஏழை ஜனக்கூட்டம் ஆகியோரின் பொருட்டு அரசனுடைய அட்டர்னி ஜெனரல் நியாயஸ்தலத்தில் நிற்பார். அந்தக் கொள்கை ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் சென்னைக்கு வந்தது. இன்னொரு பக்கம் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிப் போய், அரசனே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்ட அமெரிக்கக் குடியேற்றங்களில் வேரூன்றியது. அரசன் இல்லாத நாட்டில் அரசனுடைய வக்கீல் யாருக்கு வக்கீல்? அமெரிக்கர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட இந்தக் கேள்வியை, 1950-ஆம் ஆண்டு குடியரசான நாம் இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்பதே என்னுடைய குறை. அதைக் கேட்க வேண்டிய அவசியம் வேறெந்த ஜில்லாவையும்விடத் தஞ்சைக்கு அதிகம் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

அந்த உத்தியோகத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பதைத் தஞ்சாவூர் ஜனங்கள் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே நேரில் பார்த்திருக்கிறார்கள். 1798-இல் சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்ட அமர்சிங் மகாராஜா தம் கடைசிக் காலத்தைக் கழித்தது நம் திருவிடைமருதூரில்தான் என்பது ஊரார் அறிந்ததே. அந்த வம்சத்தின் கதை 1855-இல், இரண்டாம் சிவாஜி ஆண் சந்ததி இன்றிக் காலமானபோது முடிந்தது. ராஜ்யத்தை எடுத்துக்கொண்ட கம்பெனியார், அரண்மனையில் இருந்த சொந்தச் சொத்துக்களின் மீதும் கைவைத்தார்கள். மூத்த ராணியான காமாட்சி பாயி சென்னை சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனியின் மீதே வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றார். அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. ‘இது ராஜ்யாதிகாரத்தால் செய்யப்பட்ட காரியம், இதில் நியாய அநியாயம் பார்க்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை’ என்ற சர்க்கார் தரப்பு வாதம் 1859-இல் ஜெயித்தது. நிராதரவானவரின் பொருட்டு வாதாட வேண்டிய அதே ராஜாங்கத்தின் வக்கீல்கள், ஒரு விதவையின் நகைப் பெட்டிக்கு எதிராக, நியாயத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று வாதாடினார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சர்க்கார் தானாகவே இரங்கி நிலபுலன்களை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது. சட்டத்தில் தோற்றவர்களுக்குத் தயவு கிடைத்தது என்பது தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

பிற்காலத்தில் சென்னை அட்வகேட் ஜெனரல் நாற்காலியில் அமர்ந்த நம்மவர்கள் அதன் கௌரவத்தை வெகுவாக உயர்த்தினார்கள். பாஷ்யம் ஐயங்கார் அதில் முதன்முதலாக, தற்காலிகமாகவேனும், அமர்ந்த இந்தியர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பழமார்நேரியில் பிறந்து, காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பி.எஸ். சிவஸ்வாமி ஐயர் 1907-இல் அட்வகேட் ஜெனரலானார். சட்ட ஞானத்துக்குச் சமமாக ஒழுக்கத்துக்கும் பெயர் பெற்றவர். 1920-இல் வந்தவர் சி.பி. ராமஸ்வாமி ஐயர், அவர் பிறகு கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினராகி மேட்டூர்த் திட்டத்துக்குப் பெரும் பாடுபட்டதை டெல்டாவாசிகள் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். 1929 முதல் பதினைந்து வருஷம் அந்த ஸ்தானத்தை வகித்த அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயர் பிற்பாடு நம் அரசியலமைப்பின் வரைவுக் கமிட்டியில் ஒருவராக இருந்தார். ஆட்சி அந்நியருடையதாயினும், இவர்கள் கொடுத்த அபிப்பிராயத்தை லேசில் தள்ளிவிட முடியாது என்னும் மதிப்பு இருந்தது.

அரசியலமைப்பு இந்த உத்தியோகத்தை இரண்டாக வகுத்தது. மத்திய சர்க்காருக்கு அட்டர்னி ஜெனரல், 76-வது ஷரத்து. ராஜ்யங்களுக்கு அட்வகேட் ஜெனரல், 165-வது ஷரத்து. முன்னவருக்குச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாவதற்கும், பின்னவருக்கு ஹைக்கோர்ட்டு நீதிபதியாவதற்கும் உரிய தகுதி வேண்டும் என்றது. ஆனால் நீதிபதிக்கு உள்ள நிலைத்த பதவிக் காலத்தை மாத்திரம் கொடுக்கவில்லை. ஜனாதிபதியின், அல்லது கவர்னரின் இஷ்டம் உள்ளவரையில்தான் பதவி. இஷ்டம் என்பது நடைமுறையில் மந்திரிசபையின் இஷ்டம். எனவே தமிழ்நாட்டில் ஆட்சி மாறும்போது அட்வகேட் ஜெனரலும் ராஜிநாமாக் கடிதம் கொடுப்பது சம்பிரதாயமாகிவிட்டது. 2021 மே மாதத்திலும் அப்படியே நடந்தது. இதில் தனி மனிதர் எவர் பேரிலும் குற்றம் இல்லை. பதவிக்கு வந்தவர்களில் மகா மேதைகள் உண்டு. ஸ்ரீரங்கத்தில் பிறந்து இந்த ராஜ்யத்தின் அட்வகேட் ஜெனரலாயிருந்து, 1983 முதல் 1989 வரையில் இந்தியாவின் அட்டர்னி ஜெனரலாக விளங்கிய கே. பராசரனைப் போன்றவர்களின் புலமையையும் ஒழுக்கத்தையும் யார் மறுப்பார்கள்? குறை ஏற்பாட்டில் இருக்கிறது. மந்திரிசபையோடு வந்து மந்திரிசபையோடு போகிறவர், மந்திரிசபையின் வக்கீலாகவே தம்மை எண்ணிக்கொள்வார். ஜனங்களும் அவரை அப்படியே எண்ணுவார்கள்.

அமெரிக்காவில் மத்திய அட்டர்னி ஜெனரலின் வரலாறு மிகச் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. 1789-ஆம் வருஷத்து நீதிமன்றச் சட்டத்தின் கடைசிப் பகுதியில், சட்டம் கற்ற தகுதியான ஒருவரை நியமிக்க வேண்டும் என்று ஒரு வாசகம்; முதலில் நியமனமான எட்மண்ட் ராண்டால்ஃபுக்கு வருஷத்துக்கு 1,500 டாலர் சம்பளம்; காரியாலயமும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை; சொந்தத் தொழிலையும் நடத்திக்கொள்ளலாம். 1870-இல் நீதி இலாகா உண்டானபின் அவர் அதன் தலைவரானார். இன்று அவர் ஜனாதிபதியின் மந்திரிசபையில் ஒருவர். தேசம் முழுவதிலும் மத்திய சர்க்காரின் கிரிமினல் வழக்குகளை நடத்துகிற அதிகாரமும், எஃப்.பி.ஐ. என்னும் துப்பறியும் ஸ்தாபனமும் அவர் கீழ் இருக்கின்றன. நம் அட்டர்னி ஜெனரலுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை; அவர் சட்டம் சொல்லுகிறவர், வாதாடுகிறவர், அவ்வளவே.

நமக்கு வேண்டிய பாடம் வாஷிங்டனில் இல்லை. அங்குள்ள ராஜ்யங்களில் இருக்கிறது. ஐம்பது ராஜ்யங்களில் நாற்பத்து மூன்றில் அட்டர்னி ஜெனரலை ஜனங்களே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்தில் கவர்னர் நியமிக்கிறார். மெயின் ராஜ்யத்தில் சட்டசபையும், டென்னஸியில் சுப்ரீம் கோர்ட்டும் நியமிக்கின்றன. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கவர்னருக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். கவர்னர் ஒரு கட்சியாகவும் அவர் மறு கட்சியாகவும் இருப்பதுண்டு. ‘இந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது, நான் இதற்காக வாதாடமாட்டேன்’ என்று சொல்லிவிட்டவர்களும் உண்டு. தர்ம சொத்துக்களின் பாதுகாவலர் என்ற பழைய பொறுப்பு அநேக ராஜ்யங்களில் இன்னமும் அவரிடமே நிலைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் எழுதி வைத்த நிதியை நிர்வாகிகள் வேறு வழியில் செலவிட்டால் அவர் தாமாகவே கோர்ட்டுக்குப் போகிறார். புகையிலையால் நோயுற்ற ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த செலவைக் கம்பெனிகளே கொடுக்க வேண்டும் என்று 1994-இல் மிஸிஸிப்பி ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல் தொடங்கிய வழக்கு, மற்ற ராஜ்யங்களுக்கும் பரவி, 1998-இல் நாற்பத்தாறு ராஜ்யங்களோடு கம்பெனிகள் உடன்படிக்கை செய்துகொள்வதில் போய் முடிந்தது. இருபத்தைந்து ஆண்டுகளில் 206 பில்லியன் டாலர் என்பது அதில் கண்ட தொகை.

நதிநீர் விஷயத்துக்கு வருவோம். தஞ்சை வாசகருக்கு இதைவிட நெருங்கிய விஷயம் வேறில்லை. அர்க்கன்ஸாஸ் நதி கொலராடோ மலைகளில் உற்பத்தியாகிக் கான்ஸாஸ் சமவெளிக்கு வருகிறது. மேல்மடைக்காரன் தேக்கினால் கீழ்மடைக்காரன் காய்கிறான். கான்ஸாஸ் 1901-இல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1907-இல் தீர்ப்பு: ராஜ்யங்கள் சரிநிகர் சமானமானவை, நீரை நியாயமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தத்துவம் நிலைநாட்டப்பட்டது, ஆனால் போதிய நஷ்டம் நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடியாயிற்று, நிலைமை மோசமானால் திரும்பவும் வரலாம் என்ற வாசலைத் திறந்து வைத்துக்கொண்டே. கான்ஸாஸ் திரும்பவும் வந்தது. 1949-இல் இரு ராஜ்யங்களும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதை மீறிக் கொலராடோவில் கிணறு தோண்டி நீரை இறைக்கிறார்கள் என்று 1985-இல் புதிய வழக்கு. மீறியது உண்மைதான் என்று 1995-இல் தீர்ப்பு. 2005-இல் மூன்று கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கைக்கு வந்தது. மிச்சம் இருந்த செலவுத்தொகை விவாதம் 2008 டிசம்பரில் நடந்தபோது இரண்டு ராஜ்யங்களின் அட்டர்னி ஜெனரல்களும் தாங்களே சுப்ரீம் கோர்ட்டின் முன் நின்று வாதாடினார்கள். 1985-இல் வழக்கைத் தொடங்கிய கான்ஸாஸ் அட்டர்னி ஜெனரல் ரிப்பப்ளிகன் கட்சி. 2008-இல் வாதாடியவர் டெமாக்ரடிக் கட்சி. இடையில் எத்தனையோ கவர்னர்கள் வந்தார்கள், போனார்கள். வழக்கைக் கைவிட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. வழக்கு மந்திரிகளுடையதாக இல்லாமல் ராஜ்யத்தினுடையதாக இருந்ததே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இதற்குப் பக்கத்தில் நம் காவிரியை வைத்துப் பார்ப்போம். 1892, 1924 உடன்படிக்கைகளின் காலத்தைக் கடந்து, கர்நாடகத்தில் புதிய அணைகள் எழுந்துகொண்டிருந்தபோது, 1971-இல் தமிழ்நாடு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. 1972-இல், பேச்சுவார்த்தையால் தீர்த்துக்கொள்ளலாம் என்ற மத்திய சர்க்காரின் யோசனையின் பேரில், அந்த வழக்கு திரும்பப் பெறப்பட்டது. பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் நடந்தது. ஹேமாவதியும் ஹாரங்கியும் கபினியும் நிரம்பிக்கொண்டிருந்தன. மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஆம் தேதியை நம்பி நாற்றங்கால் விட முடியாமல், குறுவையை விட்டுவிட்டு ஒருபோகச் சம்பாவோடு நின்றுகொண்டவர்கள் டெல்டாவில் பெருகினார்கள். 1956-ஆம் வருஷத்து நதிநீர்த் தாவாச் சட்டத்தின் 11-வது பிரிவு கோர்ட்டுகளின் அதிகாரத்துக்குக் குறுக்கே நிற்கிறது, ஆகையால் வழக்கு நிலைக்குமா என்பதே சந்தேகந்தான் என்று ஒருவர் சொல்லக்கூடும்; அதில் நியாயம் இருக்கலாம். சட்டத்தைப் பார்த்து வாபஸ் வாங்கினார்களா, அரசியலைப் பார்த்து வாங்கினார்களா, சட்ட அதிகாரி என்ன எழுதிக் கொடுத்தார் என்பதைக் கேட்டறியத் தலைமடைக் குடியானவனுக்கும் வழியில்லை, கடைமடைக் குடியானவனுக்கும் வழியில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துவது.

அடுத்து நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1983-இல் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டியவர்கள் சர்க்கார் அல்ல. காவிரிப் பாசன விவசாயிகளின் சங்கம் ஒன்று, அடிப்படை உரிமைகளுக்கான 32-வது ஷரத்தின் கீழ் ரிட் மனுப் போட்டது. சர்க்கார் பின்னால் வந்து அதை ஆதரித்தது. அந்த மனுவின் பேரில்தான் 1990 மே 4-ஆம் தேதி நடுவர் மன்றம் அமைக்கும்படி உத்தரவு பிறந்தது; ஜூன் 2-ஆம் தேதி மன்றம் அமைந்தது; 1991 ஜூன் 25-இல் 205 டி.எம்.சி. என்ற இடைக்காலத் தீர்ப்பும், 2007 பிப்ரவரி 5-இல் தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. என்ற இறுதித் தீர்ப்பும், 2018 பிப்ரவரி 16-இல் அதை 404.25 ஆகக் குறைத்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும் வந்தன. ராஜ்யத்தின் வக்கீல் செய்ய வேண்டியதை, வரப்பில் நடந்து கால் வெடித்த விவசாயிகள் சந்தா வசூலித்துச் செய்தார்கள். வழக்கை வாபஸ் வாங்கிய 1972-க்கும் மன்றம் அமைந்த 1990-க்கும் இடையில் போன பதினெட்டு வருஷம் இந்த ஜில்லாவின் வயல்களிலிருந்து போனது.

நதியின் அளவு போலவே நதியின் தூய்மையும். 1907-ஆம் வருஷத்திலேயே, டென்னஸி எல்லைக்குள் இருந்த செம்பு உருக்காலைகளின் கந்தகப் புகை தன் காடுகளையும் பயிர்களையும் கருக்குகிறது என்று ஜார்ஜியா ராஜ்யம் வழக்குப் போட்டு வென்றது. தன் எல்லைக்குட்பட்ட மண்ணின் மீதும் காற்றின் மீதும் ராஜ்யத்துக்கு, நிலச்சுவான்தார்களின் உரிமைக்கு அப்பாற்பட்ட ஒரு பாத்தியதை உண்டு என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். நம் பக்கத்தில் திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் பாழ்பட்டு, அந்த நீர் காவிரியில் வந்து கலந்தபோது, ஹைக்கோர்ட்டுக்குப் போனவர்கள் யார்? நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் பாதுகாப்புச் சங்கத்தார். சர்க்கார் அங்கே எதிர்வாதிகளின் வரிசையில் இருந்தது. பொதுஜன உபத்திரவத்தைத் தடுக்க அட்வகேட் ஜெனரல் தாமே வழக்குப் போடலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 91-வது பிரிவு சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகையால் நாமும் அட்வகேட் ஜெனரலை வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை நான் மனப்பூர்வமாக எதிர்க்கிறேன். அமெரிக்காவில் அந்தத் தேர்தல் கவர்னர் பதவிக்கு ஏறும் படியாகிவிட்டது. பில் கிளின்டன் அர்க்கன்ஸாஸ் ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரலாகத் தொடங்கித்தான் கவர்னரும் ஜனாதிபதியும் ஆனார். தேர்தல் என்றால் பணம் வேண்டும். நாளை யார் மீது வழக்குப் போட நேருமோ அவர்களிடமே இன்று நன்கொடை வாங்க நேரும். பத்திரிகையில் பெயர் வருவதற்காகப் போடப்படும் வழக்கும், எதிர்க்கட்சி ஜனாதிபதியைத் தொல்லைப்படுத்துவதற்காகப் போடப்படும் வழக்கும் அங்கே குறைவல்ல. வோட்டுக்குப் பணம் என்ற வியாதியால் ஏற்கெனவே வாடிக்கொண்டிருக்கும் நம் ராஜ்யத்தில், இன்னும் ஒரு தேர்தலால் இந்த உத்தியோகம் பரிசுத்தமடையும் என்று நம்புவதற்கில்லை.

ஆனாலும் ஏற்பாடு எப்படியிருந்தாலும் மனிதனுடைய மனச்சாட்சி பெரிது என்று சொல்லி இதைத் தட்டிக் கழிக்கவும் கூடாது. மனச்சாட்சிக்கு உதாரணம் நம்மிடமே உண்டு. முதல் அட்டர்னி ஜெனரலான எம்.சி. ஸீதல்வாட், முந்த்ரா கம்பெனிகளின் பங்குகளை ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் வாங்கிய விவகாரத்தை 1958-இல் சாக்லா கமிஷன் விசாரித்தபோது, கமிஷனுக்கு உதவியாக நின்று, தம்மை நியமித்த சர்க்காரின் நிதிமந்திரியே பொறுப்பாளி என்று தயங்காமல் எடுத்துரைத்தார். மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தமிழர்களாகிய நமக்கு அது வேதனை தந்த செய்தியாயினும், வக்கீல் தம் கடமையைச் செய்தார் என்பதை மறுக்கவொண்ணாது. அதே நாற்காலியில் 1975-இல், நெருக்கடி நிலையின்போது, நிரேன் டே அமர்ந்திருந்தார். போலீஸ்காரர் ஒருவர் சொந்த விரோதத்தால் ஒருவனைக் கொன்றுவிட்டாலும் பரிகாரம் இல்லையா என்று சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி கன்னா கேட்டதற்கு, நெருக்கடி நிலை உள்ளவரையில் இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய கதிக்கு அவர் ஆளானார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1973 அக்டோபர் 20-ஆம் தேதி, வாட்டர்கேட் விவகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்த ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி நிக்ஸன் இட்ட கட்டளையை ஏற்காமல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்ஸன் ராஜிநாமாச் செய்தார். அவருக்கு அடுத்தவரும் மறுத்துப் பதவியிழந்தார். மூன்றாமவர் கட்டளையை நிறைவேற்றினார். அதே நிக்ஸனுக்கு முன்பு அட்டர்னி ஜெனரலாயிருந்த ஜான் மிட்செல் அந்த விவகாரத்திலேயே சிறை சென்றார். மனச்சாட்சியுள்ளவர் ஒருவர் விலகினால் அது இல்லாத வேறொருவரைத் தேடிப் பிடித்துவிடலாம் என்றிருக்கிற ஏற்பாடு, நல்லவர்களை வைத்துத் தப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு.

நான் வேண்டுவது இரண்டே காரியங்கள். அட்வகேட் ஜெனரலுக்கு, தேர்தல் ஆணையத்துக்கும் தணிக்கை அதிகாரிக்கும் இருப்பதைப் போல, மந்திரிசபையின் ஆயுளோடு பிணைக்கப்படாத ஒரு குறித்த காலப் பதவி வேண்டும். ஆட்சி மாறினாலும் காவிரி வழக்கும் முல்லைப் பெரியாறு வழக்கும் புதுக் கையில் முதலிலிருந்து பாடம் படிக்கப்படாமல் இருக்க அது ஒன்றே வழி. இரண்டாவது, சர்க்கார் கேட்டு அவர் எழுதித் தரும் அபிப்பிராயங்களில், பொது வழக்குகளையும் பொதுத் தர்மங்களையும் பற்றியவை வெளியிடப்பட வேண்டும். அமெரிக்க மத்திய அட்டர்னி ஜெனரலின் அபிப்பிராயங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே புத்தகங்களாக வந்திருக்கின்றன. ராஜ்யங்களின் அட்டர்னி ஜெனரல்கள் கொடுப்பவற்றையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இங்கேயோ, இந்தியாவின் அட்டர்னி ஜெனரல் காரியாலயம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்வியில், உட்பட்டதென்று 2015-இல் டில்லி ஹைக்கோர்ட்டின் தனி நீதிபதி சொன்னதை 2017-இல் அதே கோர்ட்டின் டிவிஷன் பெஞ்ச் மாற்றிவிட்டது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள ரகசியம் என்பது காரணம். கட்சிக்காரர் மந்திரியானால் அது சரி. ஜனங்களே கட்சிக்காரரானால், கட்சிக்காரரிடமிருந்தே மறைக்கிற ரகசியம் எந்தச் சட்டத்தில் உண்டு? எதிர் ராஜ்யத்துக்கு நம் வாதத்தை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வழக்கு முடிந்தபின், அல்லது வாபஸ் வாங்கியபின், வெளியிட என்ன தடை?

92-வது பிரிவின் கதையும் இதையே சொல்கிறது. 1976-ஆம் வருஷத்துத் திருத்தம் அட்வகேட் ஜெனரலின் சம்மதம் என்பதை எடுத்துவிட்டுக் கோர்ட்டின் அனுமதி என்பதை வைத்தது. ஜனங்களுக்கு அது ஒருவகையில் அனுகூலமே. சம்மதம் தர மறுக்கும் அதிகாரிக்குக் காரணம் சொல்லும் கடமை இல்லாதிருந்தது. கோயில்களும் அவற்றைச் சேர்ந்த தர்மங்களும் 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தால் ஏற்கெனவே வேறு இலாகாவின் கீழ்ப் போய்விட்டன. ஆனால் எஞ்சியிருக்கும் சத்திரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரித் தர்மங்கள் விஷயத்தில், அட்வகேட் ஜெனரல் தாமாகவே வழக்குத் தொடுக்கலாம் என்ற முதல் வாசகம் சட்டப் புத்தகத்தில் அழியாமல் இருக்கிறது. எவரும் அதை அழைத்து எழுப்புவதில்லை.

இவற்றுக்கெல்லாம் அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமே, அது ஆகிற காரியமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காலவரையறைக்குத் திருத்தம் வேண்டியிருக்கலாம். மற்றதற்கு வேண்டியதில்லை. 177-வது ஷரத்தின்படி அட்வகேட் ஜெனரலுக்குத் தமிழ்நாடு சட்டசபையில் எழுந்து பேசவும் அதன் நடவடிக்கைகளில் கலந்துகொள்ளவும் உரிமை இருக்கிறது; வோட்டு மாத்திரம் இல்லை. ஜனப் பிரதிநிதிகளின் நேரில் ராஜ்யத்தின் வழக்குகளைப் பற்றிச் சொல்லவே அந்த உரிமை கொடுக்கப்பட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நம் பகுதிச் சட்டசபை அங்கத்தினர்கள், கட்சிபேதம் பாராமல், வருஷம் ஒருமுறை, மேட்டூர் திறப்பதற்கு முன்பாக, காவிரி வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தின் முன் நாம் என்ன கேட்டோம், என்ன கிடைத்தது, எதை விட்டுக்கொடுத்தோம், எதனால் விட்டுக்கொடுத்தோம் என்பதை அட்வகேட் ஜெனரல் சபையிலே தம் வாயால் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். வருகிற பட்ஜெட் கூட்டத்திலேயே கொண்டுவரலாம்.